ஆங்கிலத்தில் ஒரு சொல், பிறெஞ்சில் எது?

‘திங்கள்’ என்னும் தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது வானத்துச் சந்திரனையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும், கிழமையின் ஒரு நாளையும் குறிக்கும். இச்சொல்லைப் பிறெஞ்சில் பெயர்க்கச் சொன்னால் சந்திரனுக்கு ‘லூன்’, மாதத்துக்கு ‘முவா’, நாளுக்கு ‘லந்தி’ என மூன்று சொற்கள் வந்து நிற்கும். வாக்கியத்தைப் பாராமல் எது பொருந்தும் என்று எவராலும் கூற இயலாது. எம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதி முழுவதும், ஒரு சொல் பல பொருள் தருவதைக் கூறுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

தமிழுக்கு உள்ள இவ்வியல்பு ஆங்கிலத்துக்கும் உண்டு. ஆனால் எமது பிள்ளைகள் அதை மறந்துவிடுகின்றனர். பாடசாலையில் ஆங்கிலம் கற்றபின் பிறெஞ்சு கற்கத் தொடங்கும் ஒருவர், ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் பிறெஞ்சுச் சொல் ஒன்று என்று நிரல்படுத்தி மனனம் செய்கிறார். அகராதியைத் திறந்து முதலாவதாக உள்ள சொல்லை எடுத்து எழுதிவிடுகிறார். அங்கேதான் தவறு நேர்கிறது.

இது மாணவர்களுக்கு மட்டும் உரிய சங்கதி அன்று. 1983ஆம் ஆண்டுக்குப் பின் எம்மவர் பலர் பிறெஞ்சு நாட்டுக்குச் சென்று குடியேறினர். அங்கே புகலிடம் கோருவோரின் விண்ணப்பங்களை ஆராய்வது 1952ஆம் ஆண்டு நிறுவப்பட்ட, அகதிகளையும் நாடற்றவர்களையும் பாதுகாக்கும் அரச அலுவலகம். அதன் படிவம் பிறெஞ்சு மொழியிலேயே நிரப்பப்பட வேண்டும். பிறெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சுவா, நீதிமன்றப் பத்திரங்கள் யாவும் நாட்டு மொழியில் எழுதப்படல் வேண்டுமென 1539இல் கட்டளையிட்ட காலந்தொட்டு, அந்நாட்டார் இவ்விடயத்தில் கண்டிப்பாகவே இருந்து வருகின்றனர். தமிழில் நடந்ததை ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்திலிருந்து பிறெஞ்சுக்கு மாற்றினால், இடையில் பொருள் திரிந்துபோக இடமுண்டு. அதனால் ஒரு குடும்பமே பாதிக்கப்படலாம். ஆகவே சில சொற்களை இவ்வாரம் ஆராய்வோம். பிறெஞ்சு ஒலிகளைத் தமிழெழுத்தில் முற்றாகக் காட்டுவது இயலாது. இங்கே தருபவை ஏறத்தாழ அமைந்தவையே.

‘லீவ்’ என்னும் சொல்

ஒருவர் தம் மனைவியை மன்னாரில் விட்டுவிட்டுத் தனியே புறப்பட்டார். இதை ஆங்கிலத்தில் கூறும்போது ‘லீவ்’ என்ற வினையையே பயன்படுத்துவார். நாட்டை விட்டு வெளியேறினார் என்பதற்கும் அதே வினைதான். காலையில் புறப்பட்டார் என்பதற்கும் அதுவேதான்.

பிறெஞ்சில் இவை வெவ்வேறு. ‘பார்த்தீர்’ என்றால் புறப்படுதல். யாரை, எதை என்ற செயப்படுபொருளை அது நேரே ஏற்காது. ‘கித்தே’ என்றால் ஓரிடத்தையோ ஆளையோ விட்டு நீங்குதல். ‘லெஸ்ஸே’ என்றால் ஒன்றை அல்லது ஒருவரை ஓரிடத்தில் விட்டுவைத்தல்.

நாட்டை விட்டு வெளியேறினேன் என்பதற்குக் ‘கித்தே’ மிகப் பொருத்தமானது. ஆனால் அதே வினையை மனைவிக்கும் சேர்த்து எழுதிவிட்டால், பிறெஞ்சுக்காரர் விளங்கிக்கொள்வது வேறு: இம்மனிதர் மனைவியைக் கைவிட்டுப் பிரிந்துவிட்டார் என்பதே. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர், பின்பு தம் மனைவி மக்களைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். முதற் பத்திரத்தில் மனைவியைப் பிரிந்தவர் என்று தாமே எழுதியிருந்தால் அதிகாரி என்ன நினைப்பார்? அவர் எழுதவேண்டியிருந்தது ‘லெஸ்ஸே’ என்பதே.

இங்கே ஒன்றை அவதானியுங்கள். தமிழில் இக்குழப்பம் இல்லவே இல்லை. ‘மனைவியை மன்னாரில் விட்டுவிட்டு வந்தேன்’ என்பதும், ‘மனைவியைக் கைவிட்டேன்’ என்பதும் எமக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை. ‘புறப்பட்டேன்’, ‘வெளியேறினேன்’, ‘விட்டுவிட்டு வந்தேன்’ என்று தமிழ் பிரித்து வைத்ததை ஆங்கிலம் ஒரு சொல்லில் கலந்துவிட்டது. பிறெஞ்சு அதை மீண்டும் பிரிக்கச் சொல்கிறது. அப்படியாயின் பிரிக்கும் வழியை எங்கே தேடவேண்டும்? எமது தாய்மொழியில்தான்.

‘ஃபோர்’ என்னும் சொல்

இவ்வுண்மையை இன்னும் தெளிவாகக் காட்டுவது, கால அளவைக் குறிக்கும் ‘ஃபோர்’ என்ற சிறு சொல். பின்வரும் மூன்று தமிழ் வாக்கியங்களைப் பாருங்கள்.

ஐந்து வருடமாகப் பாரிசில் இருக்கிறேன்.
ஐந்து வருடம் கொழும்பில் இருந்தேன்.
ஐந்து வருடத்துக்கு வெளிநாடு போகிறேன்.

ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘ஃபோர்’ என்ற ஒரே சொல்லை இடுவோம். பிறெஞ்சில் முதலாவதற்குத் ‘தெப்புவி’, இரண்டாவதற்குப் ‘பாந்தான்’, மூன்றாவதற்குப் ‘பூர்’. தமிழில் ‘வருடமாக’, ‘வருடம்’, ‘வருடத்துக்கு’ என்று ஈறு மாறுவது போலவே பிறெஞ்சில் சொல் மாறுகிறது.

இன்னுமொன்று. ‘ஐந்து வருடமாக இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். பிறெஞ்சும் ‘தெப்புவி’யோடு நிகழ்கால வினையையே இடும். ஆங்கிலம் மட்டுமே ‘ஹாவ் பீன்’ என்று வேறொரு காலத்தை நாடுகிறது. அந்த ஆங்கில அமைப்பை அப்படியே பிறெஞ்சில் வைத்து இறந்தகாலமாக எழுதினால், ‘இருந்தேன், இப்போது இல்லை’ என்ற எண்ணம் ஏற்படக்கூடும். வதிவிட அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் இதனால் வரக்கூடிய இடர் சொல்லாமலே விளங்கும். ஆங்கிலத்தை மறந்து, தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்து எழுதினால் காலமும் சரியாக அமையும், சொல்லும் சரியாக அமையும்.

‘ரைம்’ என்னும் சொல்

‘ரைம் இல்லை’, ‘என்ன ரைம்?’, ‘மூன்று ரைம் போனேன்’ என்று எம்மவர் பேச்சிலேயே இச்சொல் புகுந்துவிட்டது. முதலாவது நேரம்; பிறெஞ்சில் ‘தாம்’. இரண்டாவது மணி, பிறெஞ்சில் ‘எர்’. மூன்றாவது தடவை, பிறெஞ்சில் ‘ஃபுவா’. நேரம், மணி, தடவை என்று தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் தவறு நேராது. வைத்தியரிடம், ‘குளிசையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுக்க வேண்டும்?’ என்று கேட்பதற்கும், ‘எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும்?’ என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

‘றைற்’ என்னும் சொல்

வலப்பக்கம், உரிமை, சரி ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் ‘றைற்’ என்போம். பிறெஞ்சில் வலப்பக்கம் ‘துருவாத்’, உரிமை ‘துருவா’. இவை ஒலியில் நெருங்கியவை. ஆனால் அதே ‘துருவா’ வழி கேட்கும்போது ‘நேராக’ என்றும் பொருள்படும். ஈற்றிலுள்ள ‘த்’ என்ற ஒலியைச் செவி தவறவிட்டால், வலப்பக்கம் திரும்பவேண்டியவர் நேரே நடந்துகொண்டேயிருப்பார்.

‘நீங்கள் சொல்வது சரி’ என்பதற்கோ இவை இரண்டும் உதவா. பிறெஞ்சுக்காரர் அதனை, ‘உங்களிடம் நியாயம் இருக்கிறது’ என்ற அமைப்பில், ‘ரெஸோன்’ என்ற சொல்லை இட்டுக் கூறுவர். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இது ஒருபோதும் கிடைக்காது.

‘யூ’ என்னும் சொல்

ஆங்கிலத்தில் குழந்தைக்கும் ‘யூ’, குருவானவருக்கும் ‘யூ’, நீதிபதிக்கும் ‘யூ’. பிறெஞ்சிலோ நெருங்கியவர்க்குத் ‘த்யு’, மரியாதைக்கும் பன்மைக்கும் ‘வூ’. நீ, நீங்கள் என்று பழகிய எமக்கு இதில் என்ன கஷ்டம்? ஆங்கிலத்தின் ஊடாகச் செல்லும்போதுதான் கஷ்டம். பாட்டியார் ‘நீங்கள்’ என்று சொன்னது ‘யூ’ ஆகும்போது மரியாதை கழன்றுவிடுகிறது. கழன்றதைப் பிறெஞ்சில் மீண்டும் ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பவருக்கு ஆதாரம் இல்லை. கைத்தொலைபேசிக் கருவிகளும், ஆங்கிலத்தை இடைவழியாகக் கொண்டு பெயர்க்கும்போது இத்தவற்றுக்கு ஆளாகின்றன.

எனினும் எமது வழக்கமும் அவர்களுடைய வழக்கமும் எங்கும் ஒன்றென்று எண்ணிவிடலாகாது. எமக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள், அவர்களுக்கு இரண்டே. தமிழில் இறைவனை ‘உமது’ என்று விளித்துச் செபிக்கிறோம். பிறெஞ்சு மக்களும் கர்த்தர் கற்பித்த செபத்தை முன்னர் ‘வூ’ என்றே சொல்லி வந்தனர். 1966ஆம் ஆண்டு வந்த பொது மொழிபெயர்ப்புடன் அது ‘த்யு’ ஆயிற்று. அது மரியாதைக் குறைவன்று, நெருக்கத்தின் அடையாளம். ஆனால் அலுவலகத்திலும், வைத்தியசாலையிலும், அறிமுகமற்ற பெரியவரிடத்திலும் ‘வூ’ என்பதையே கையாளுங்கள்.

உறவுப் பெயர்கள்

இதுவரை தமிழும் பிறெஞ்சும் ஒத்துப்போகும் இடங்களைக் கண்டோம். உறவுப் பெயர்களில் அவை ஒத்துப்போவதில்லை. ஆகவே இங்கே கூடிய கவனம் தேவை.

எமது வழக்கில் பெரியப்பாவின் மகன் ‘அண்ணன்’. அவரை ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்று எழுதிவிடுகிறோம். அது பிறெஞ்சில் ‘ஃப்ரேர்’ ஆகிறது. பிறெஞ்சுக்காரருக்கு அச்சொல் ஒரே பெற்றோரின், அல்லது பெற்றோருள் ஒருவரின் பிள்ளையையே குறிக்கும். ஒரு விண்ணப்பத்தில் இரண்டு சகோதரர் என்றும், விசாரணையில் நான்கு சகோதரர் என்றும் வந்தால், சொன்னவர் பொய்யர் என்றே கருதப்படலாம். அவர் சொன்னது பொய்யன்று. சொல்லின் எல்லை வேறு. ஒன்றுவிட்ட அண்ணனைக் ‘கூஸான்’ என்றும், ஒன்றுவிட்ட அக்காவைக் ‘கூஸீன்’ என்றும் எழுதல் வேண்டும். ஆங்கிலத்தில் இரு பாலாருக்கும் ‘கசின்’ ஒன்றே என்பதையும் மறவாதிருங்கள்.

பெரியப்பா, சித்தப்பா, மாமா யாவரும் பிறெஞ்சில் ‘ஓங்க்ல்’. வேறுபாடு காட்டவேண்டின், ‘தந்தையின் மூத்த சகோதரர்’, ‘தாயின் சகோதரர்’ என்று விரித்து எழுதுங்கள். பிறெஞ்சிலும் இரட்டைப் பொருள் தரும் உறவுச் சொற்கள் உண்டு. ‘போ பேர்’ என்பது மனைவியின் அல்லது கணவனின் தந்தையையும் குறிக்கும். தாயின் மறுமணத்தால் வந்த தந்தையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரு வேறு சொற்கள் உள்ளன. ஆகவே அப்பத்திரத்தைப் பிறெஞ்சிலிருந்து தமிழாக்குபவர், ‘மாமனார்’ என்று எழுதுமுன் குடும்ப விபரத்தை விசாரிக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் நடப்பது

மேலே கூறியது போல, பிறெஞ்சில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு என்பதும் உண்டு. ‘ஃபாம்’ என்பது பெண். ‘என்னுடைய’ என்ற சொல் முன்னே வந்தால் மனைவி. ‘ஃபீய்’ என்பது சிறுமியும் ஆகும், மகளும் ஆகும். ‘லாங்’ என்பது நாக்கும் ஆகும், மொழியும் ஆகும்.

இவ்வகையில் சுவையான ஒன்று ஆட்டின் கதை. பிறெஞ்சில் செம்மறியாட்டுக்கும் அதன் இறைச்சிக்கும் ‘முத்தோன்’ என்ற ஒரே பெயர். ஆங்கிலத்தில் உயிரோடு நிற்பது ‘ஷீப்’, கறியாகி வருவது ‘மட்டன்’. 1066ஆம் ஆண்டு நோர்மன் பிரபுக்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். மந்தையை மேய்த்தவர் பேசியது ஆங்கிலம். பிரபுக்கள் பேசியது பிறெஞ்சு. அதனால் விலங்குக்குப் பழைய ஆங்கிலப் பெயரும், உணவுக்குப் பிறெஞ்சுப் பெயரும் நிலைத்தன. அக்காலந்தொட்டு ஆயிரக்கணக்கான பிறெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்துள்ளன. எனவேதான் இரு மொழிச் சொற்களும் முகத்தால் ஒத்திருக்கின்றன. ஆனால் பொருளால் பல வேளைகளில் ஒத்திருப்பதில்லை.

சோதனையில் சித்தியடைவதை ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்கிறோம். பிறெஞ்சில் ‘பஸ்ஸே’ என்ற வினையைச் சோதனையோடு சேர்த்தால், சோதனைக்குத் தோற்றுதல் என்றே பொருள். சித்தியடைதலுக்கு வேறு சொல் உண்டு, அது ‘ரெயுஸ்ஸீர்’. ‘மகள் பாஸ்’ என்று நினைத்து ஒருவர் எழுதினால், வாசிப்பவர் மறுமொழியாகப் பெறுபேறு எப்போது வரும் என்று கேட்பார்.

தமிழும் கைகொடாத இடம்

தாய்மொழி எல்லா இடத்திலும் விளக்குப் பிடிக்காது. ‘அவரைத் தெரியும்’, ‘அவருடைய விலாசம் தெரியும்’, ‘நீந்தத் தெரியும்’ என்று மூன்றுக்கும் நாம் ‘தெரியும்’ என்றே சொல்கிறோம். ஆங்கிலமும் ஏறத்தாழ அவ்வாறே. பிறெஞ்சு ஆளையும் இடத்தையும் பழகி அறிவதற்குக் ‘கொனெத்ர்’ என்றும், ஒரு செய்தியை அறிவதற்கும் ஒரு தொழிலைச் செய்யத் தெரிவதற்கும் ‘சவ்வார்’ என்றும் பிரிக்கிறது. இத்தகைய சொற்கள் சிலவே. அவற்றை மட்டும் தனியாகக் குறித்து மனனம் செய்தல் போதும்.

கையாளவேண்டிய முறை

முதலாவது, தனிச் சொல்லைப் பெயர்க்க முயலாதீர்கள். முழு வாக்கியத்தையும் எடுங்கள். இரண்டாவது, ஆங்கில வாக்கியத்தை வீட்டில் பேசும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மூன்றாவது, அகராதியில் இலக்கமிட்டுத் தரப்பட்டுள்ள பொருள்களை இறுதிவரை வாசித்து, உமது வாக்கியத்தை ஒத்த உதாரணத்தைத் தேடுங்கள். நான்காவது, எடுத்த பிறெஞ்சுச் சொல்லை மறுபக்கத்தில் தேடி, அது நீங்கள் கருதிய பொருளுக்கே திரும்பி வருகிறதா என்று சோதியுங்கள். ஐந்தாவது, அப்பியாசக் கொப்பியில் சொல்லை எழுதாமல் வாக்கியத்தை எழுதுங்கள். அரசாங்கத்துக்குச் செல்லும் பத்திரமாயின், அங்குள்ள நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். கொடுக்குமுன் நடந்ததைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

தமிழிலிருந்து நேரே பிறெஞ்சுக்குச் செல்வது புதிய வழியன்று. புதுச்சேரியில் பணியாற்றிய மறைபரப்பாளர்களான மூசே, துய்ப்புயி ஆகியோரின் தமிழ்–பிறெஞ்சு அகராதி 1855, 1862ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக அங்கே அச்சாயிற்று. 1847ஆம் ஆண்டு முதல் எமது நாட்டுக்கு வந்த அமலமரித் தியாகிகளுள் பலர் பிறெஞ்சுக்காரர். ஆங்கிலேயர் ஆண்ட நாட்டிலே அவர்கள் எம் மக்களுடன் பேசுவதற்குத் தமிழையே கற்றனர். அவர்கள் நடந்து வந்த பாதையிலேயே நாமும் மறுபக்கமாக நடக்கலாம்.

பயிற்சி

பின்வரும் வாக்கியங்களில் எந்தப் பிறெஞ்சுச் சொல் பொருந்தும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

1. மூன்று மாதமாகக் காத்திருக்கிறேன் (ஆங்கிலத்தில் ‘ஃபோர்’).
2. திறப்பை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள் (‘லீவ்’).
3. வைத்தியசாலைக்கு இரண்டு தடவை போனேன் (‘ரைம்’).
4. ஐயா, நீங்கள் சொல்வது சரி (‘யூ’, ‘றைற்’).
5. தங்கை சோதனையில் சித்தியடைந்தாள் (‘பாஸ்’).

விடைகள்: 1. தெப்புவி. 2. லெஸ்ஸே. 3. ஃபுவா. 4. வூ, ரெஸோன். 5. ரெயுஸ்ஸீர்.

இறுதியாக, வீடுகளுக்கு மிக வேண்டிய ஒரு சொல். பிள்ளையைப் பிரிந்த தாய் ஆங்கிலத்தில் ‘ஐ மிஸ் யூ’ என்பாள். ரயிலைத் தவறவிடுவதற்கும் ‘மிஸ்’ என்ற அதே சொல்தான். பிறெஞ்சில் பிரிவுக்கு ‘மாங்க்கே’ என்ற வினை வரும். ஆனால் எழுவாய் மாறிவிடும். பிறெஞ்சுக்காரர் சொல்வது, ‘நீ எனக்குக் குறைவாயிருக்கிறாய்’ என்பதாகும். ஆங்கில ஒழுங்கிலேயே ‘நான்’ என்று தொடங்கி எழுதினால், ‘நான் இல்லாதது உனக்குக் குறையாயிருக்கிறது’ என்று பொருள் தலைகீழாகும். ‘நீ இல்லாதது எனக்குப் பெருங்குறை’ என்று தமிழில் எண்ணிப் பாருங்கள். ‘நீ’ முதலிலும் ‘எனக்கு’ அடுத்தும் வருகின்றன அல்லவா? பிறெஞ்சிலும் அந்த ஒழுங்குதான்: ‘த்யு ம மாங்க்’. அங்கே பிறந்து, தமிழ் எழுத வராத பேரப்பிள்ளைக்கு இம்மூன்று சொற்களையும் ஒரு கடதாசியில் எழுதி அனுப்பலாம். பிள்ளைக்கு விளங்கும்.